பிழை திருத்துவது பெருமைக்கா, பயனுக்கா?



யானைக்கும் அடி சறுக்கும் என்பது நாம் அறிந்த பழமொழி. சறுக்கிய யானையைப் பார்த்துச் சிரிப்பவர் பலர். அதைத் தூக்கிவிட வழி தேடுபவர் சிலரே. அலுவலகத்தில் நாள்தோறும் பறக்கும் ஆங்கிலச் செய்திகளிலும் இதுவே நடக்கிறது. ஒருவர் எழுதும் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை கண்டால் திருத்தலாமா? திருத்தலாம் என்றால் எதை, எப்போது, எப்படித் திருத்துவது? இப்பள்ளியில் படித்து, இன்று அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் பழைய மாணவி என்ற முறையில், என் கருத்தை ஆண்டு மலர் வழியாக உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். இக்கருத்து புத்தகத்தில் படித்து வந்ததன்று. நான் செய்த ஒரு தவற்றிலிருந்து வந்தது.

தூத்துக்குடியில், ஏற்றுமதிச் சரக்குகளுக்கு வேண்டிய ஆவணங்களைத் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சரக்கு வந்ததா, லாரி புறப்பட்டதா, சீல் எண் சரியா என்று எல்லாச் செய்திகளும் அதில்தான் ஓடும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் ஆங்கிலத்திலேயே எழுதுவோம். தமிழில் எழுதினால் நம்மைக் குறைவாக நினைப்பார்களோ என்ற அச்சம்தான் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் புதிதாக வேலையில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். கணக்கில் சூரி, கண்ணும் கருத்துமாக வேலை செய்பவள். சேர்ந்த இரண்டாம் வாரம் குழுவில் அவள் எழுதிய முதல் நீண்ட செய்தி இது: 'யெஸ்டர்டே ஐ ஹேவ் வென்ட் டு யார்டு. டூ பாக்ஸ் ஆர் டேமேஜ்.'

நான் உடனே எல்லார் முன்னிலையிலும் திருத்தினேன். 'ஐ ஹேவ் வென்ட் என்று வராது, ஐ வென்ட். டூ பாக்ஸஸ் ஆர் டேமேஜ்ட்' என்று எழுதி, ஒரு சிரிப்புப் படத்தையும் சேர்த்தேன். அதைத் தொடர்ந்து ஒருவர் பின் ஒருவராகச் சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன. நானும் மகிழ்ந்தேன். நம் பள்ளியில் கற்ற ஆங்கிலம் நான்கு பேருக்குத் தெரிந்ததே என்ற பெருமை!

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? சேதமானவை எந்த இரண்டு பெட்டிகள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் சொல்ல வந்த செய்தியை விட்டுவிட்டு, அவள் செய்த பிழையைப் பிடித்துக்கொண்டோம்.

அதன் பிறகு அவள் குழுவில் 'ஓகே', 'நோட்டட்' என்ற இரு சொற்களுக்கு மேல் எழுதியதில்லை. அடக்கமான பெண் என்று நாங்கள் பாராட்டினோம்!

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மாலை. கப்பலில் ஏற்றப்படும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும், சரிபார்த்த மொத்த எடையை முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ள விதி. எடை தெரியாத பெட்டியைக் கப்பலில் ஏற்றினால் கப்பலின் சமநிலைக்கே ஆபத்து அல்லவா? அன்று எங்கள் படிவத்தில் இருந்த எடையும், எடை மேடையில் கொடுத்த சீட்டில் இருந்த எடையும் ஒத்துப்போகவில்லை. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. அதைக் கண்டவள் அந்தப் பெண் ஒருத்திதான். கண்டவள் எழுதவில்லை. மறுநாள் பெட்டி துறைமுகத்தில் நிறுத்தப்பட்டது. கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது.

மேலாளர் அவளை அழைத்துக் கடிந்துகொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. மாலையில் அவளைத் தனியே கேட்டேன். "எழுதணும்னுதான் நெனச்சேன் மேடம். இங்கிலீஷ்ல தப்பில்லாம எப்படி எழுதுறதுன்னு நாலு தடவ எழுதி எழுதி அழிச்சேன். அதுக்குள்ள எல்லாரும் கெளம்பிட்டாங்க" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவள் வாயை அடைத்தவள் நான் அல்லவா? மறுநாள் மேலாளரிடம் சென்று, இதில் என் பங்கும் உண்டு என்று சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

இதைக் கேட்டதும், 'அப்படியானால் பிழைகளைத் திருத்தவே கூடாதா?' என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு நான் சொல்லவில்லை. திருத்தாமல் விட்டால் வரும் கேடு சிறிதன்று. என் கருத்தெல்லாம், பிழைகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. அவற்றைப் பிரித்தறிந்து திருத்த வேண்டும் என்பதே.

பொருளைக் கெடுக்கும் பிழை முதல் வகை. இதை உடனே கவனிக்க வேண்டும். 'டில் ஃப்ரைடே' என்றும் 'பை ஃப்ரைடே' என்றும் நம்மவர் வேறுபாடின்றி எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் நாம் இவற்றைக் குழப்புவதே இல்லை! 'வெள்ளிக்கிழமை வரை கடை திறந்திருக்கும்' என்கிறோம்; 'வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டிவிடு' என்கிறோம். 'வரை' என்று சொல்லும் இடத்தில் 'டில்'. 'க்குள்' என்று சொல்லும் இடத்தில் 'பை'. இவ்வளவுதான் சூத்திரம். ஆவணங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும் என்பதை 'டில் ஃப்ரைடே' என்று எழுதினால், படிப்பவர் வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டுமோ என்று மயங்குவார்.

அடுத்து, ஆம் என்பதும் இல்லை என்பதும். 'நீ அதை அனுப்பவில்லையா?' என்று கேட்டால், அனுப்பாதவர் தமிழில் 'ஆமாம், அனுப்பவில்லை' என்று சொல்வது இயல்பு. கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வதாக அதன் பொருள். ஆங்கிலத்திலோ அனுப்பாதவர் 'நோ' என்றுதான் சொல்ல வேண்டும். 'டிடின்ட் யூ சென்ட் இட்?' என்ற கேள்விக்கு நம் வீட்டுப் பெண் 'யெஸ்' என்று மட்டும் பதில் எழுதினால், வெளிநாட்டில் இருப்பவர் அது வந்து சேரும் என்று காத்திருப்பார். ஆகவே இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் எழுதலாகாது. 'ஐ ஹேவ் நாட் சென்ட் இட்' என்று முழுமையாக எழுதிவிட்டால் குழப்பத்திற்கு இடமில்லை.

காலம் காட்டும் வினைகளும் இவ்வகையில் அடங்கும். 'நாளைக்கு அனுப்புகிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லி எதிர்காலத்தைக் குறிக்கிறோம். அதே பழக்கத்தில் 'ஐ ஆம் சென்டிங்' என்று நாள் குறிப்பிடாமல் எழுதினால், இப்போதே வருகிறது என்று படிப்பவர் எண்ணுவார். அனுப்பியாயிற்றா, அனுப்பிக்கொண்டிருக்கிறோமா, இனிமேல்தான் அனுப்பப் போகிறோமா என்பதில் பிழை நேர்ந்தால், வேலையே கெட்டுவிடும்.

நிறுத்தக்குறிகூடப் பொருளை மாற்றும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் பால் நிறுவனம் ஒன்றின் வண்டியோட்டிகள், கூடுதல் நேர வேலைக்குக் கூடுதல் சம்பளம் வேண்டும் என்று வழக்குத் தொடர்ந்தனர். எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் சம்பளம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதன் கடைசியில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. அதனால், பொருளை விநியோகிப்பது என்ற தனி வேலையை அது குறிக்கிறதா, விநியோகத்திற்காகப் பொதிவதை மட்டும் குறிக்கிறதா என்ற ஐயம் எழுந்தது. வண்டியோட்டிகள் பொதிபவர் அல்லர், விநியோகிப்பவர்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாயிற்று. ஒரு காற்புள்ளியின் விலை 50 லட்சம் டாலர்! இலக்கணம் எதற்கு என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

பொருள் விளங்கியும் வடிவம் கெடும் பிழைகள் இரண்டாம் வகை. 'ஐ டிட் நாட் வென்ட்', 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'டிஸ்கஸ் அபௌட்', 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' போன்றவை இவை. இவற்றால் கப்பல் தவறாது. ஆனால் எழுதியவரைப் பற்றிப் படிப்பவர் கொள்ளும் மதிப்பு குறையக்கூடும். பதவி உயர்வும் தடைப்படக்கூடும். எனவே இவற்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அவசரம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு செய்தியை நம் தமிழ் வழி மாணவியருக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். உங்களிடம் ஒன்றுமில்லை என்று எண்ணி ஆங்கிலத்தின் முன் நிற்காதீர்கள். உங்கள் தமிழே உங்களுக்குத் துணை வரும். 'போனேன்' என்கிறோம், ஆனால் 'போனவில்லை' என்று யாராவது சொல்வோமா? 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம்? வினை தன் காலத்தை விட்டுவிட்டு 'போக' என்று நிற்கிறது. அதுபோலவே 'டிட் நாட்' வந்தபின் 'வென்ட்' நிற்காது. 'கோ' என்றே நிற்கும். 'என் தோழியில் ஒருத்தி' என்று சொல்வோமா? 'என் தோழிகளில் ஒருத்தி' என்றே சொல்வோம். ஆங்கிலத்திலும் 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மையே வரும்.

நம்மை மிகவும் வாட்டும் 'எ', 'தி' என்ற சிறு சொற்களுக்கும் தமிழில் ஒரு குறிப்பு உண்டு. 'கடிதம் அனுப்பினேன்' என்பதற்கும் 'கடிதத்தை அனுப்பினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். முதலாவது ஏதோ ஒரு கடிதம். இரண்டாவது இருவருக்கும் தெரிந்த அந்தக் கடிதம். அஃறிணைப் பொருள்களில் இப்படி 'ஐ' உருபு வெளிப்பட நிற்கும் இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'தி' வரும். எப்போதும் பொருந்தும் விதியன்று. ஆயினும் தொடக்கத்தில் கைகொடுக்கும்.

தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் வழி பிரியும் இடங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். ஆங்கிலம் அதை 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று வேறு வகையில் சொல்கிறது. கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய நாளுக்கு 'சின்ஸ்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நாம் சொல்வதால் 'அபௌட்' வந்து ஒட்டிக்கொள்கிறது. இவை அறிவுக் குறைவால் வரும் பிழைகள் அல்ல. ஒரு மொழியின் பழக்கம் இன்னொரு மொழிக்குள் நுழைவதால் வருபவை.

ஆங்கிலத்திற்கும் குறை உண்டு என்பதை அறிந்தால் நம் அச்சம் தெளியும். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. 'வீ வில் செக்' என்று ஒருவர் எழுதினால், அவர்கள் மட்டும் பார்ப்பார்களா, நம்மையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்பது விளங்காது. இரு பக்கத்தாரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிட்ட கதை எங்கள் அலுவலகத்திலேயே உண்டு. ஆகவே 'வீ' என்று எழுதுமிடத்தில், செய்யப்போவது யார் என்று பெயரைச் சொல்லி எழுதுவது நலம்.

பிழையே இல்லாதவற்றைப் பிழை என்று திருத்துவது மூன்றாம் வகை. அரைகுறையாய்க் கற்றவர் செய்யும் கொடுமை இதுதான்! கூட்டத்தை முன்கூட்டி வைப்பதற்கு நம்மவர் வழங்கும் 'ப்ரிபோன்' என்ற சொல்லைக் கேலி செய்வோர் உண்டு. அச்சொல் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்புடன் ஆக்ஸ்போர்டு அகராதியில் இடம் பெற்றிருக்கிறது. 'டூ தி நீட்ஃபுல்' என்பதும் நம் கற்பனை அன்று. ஆங்கிலேயரே ஒரு காலத்தில் எழுதி, பின்னர் பெரும்பாலும் கைவிட்ட தொடர். அது பழமையானது, தெளிவற்றது என்று சொல்லலாம். இலக்கணப் பிழை என்று சொல்ல இயலாது. 'என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக எழுதம்மா' என்று சொல்வதே நல்ல திருத்தம்.

ஆனால் யாருக்கு எழுதுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லூரிப் படிப்பை முடித்ததைக் குறிக்க 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று நம்மூர் அதிகாரிக்கு எழுதினால் விளங்கும். அமெரிக்கருக்கு எழுதினால், இவள் மயங்கி விழுந்தாளோ என்று அவர் கவலைப்படுவார்! 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நமக்குக் கேள்வி ஒன்று இருக்கிறது என்று பொருள்; அவருக்கோ, இவர் நம்மை நம்பவில்லையோ என்று தோன்றும். வீட்டில் உடுத்தும் சேலை வேறு, விழாவிற்கு உடுத்தும் சேலை வேறு அல்லவா? இரண்டும் சேலையே.

நம் தமிழகத்தில் இவ்வுண்மையை அன்றே உணர்ந்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, வேற்று மொழியாளராக இங்கு வந்த அவர், செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் தமிழுக்கு ஓர் இலக்கணமும் தனித்தனியே எழுதினார். ஏட்டுத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் தனித்தனி ஒழுங்கு உண்டு என்று கண்டது அவருடைய பெருமை. அவரும் முதல் நாளிலேயே பிழையின்றித் தமிழ் பேசியிருப்பார் என்று எண்ண முடியுமா? அவரது பிழைகளைக் கண்டு ஊரார் கைகொட்டிச் சிரித்து விரட்டியிருந்தால், தமிழுக்குச் சதுரகராதி கிடைத்திருக்குமா?

ஆங்கில இலக்கணத்திற்கும் பெண்கள் பள்ளிக்கும் ஓர் அழகிய தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் யார்க் நகரில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் ஆசிரியைகள், தங்கள் மாணவியருக்கு ஏற்ற இலக்கண நூல் வேண்டும் என்று லிண்ட்லி மர்ரே என்பவரைக் கேட்டுக்கொண்டார்கள். அமெரிக்காவில் பிறந்து வழக்கறிஞராயிருந்த அவர் எழுதிக் கொடுத்த நூல் 1795இல் வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல்லாண்டுகள் பள்ளிகளில் பாடநூலாக விளங்கியது. பிறர் குறை காட்டிச் சிரிப்பதற்காக அந்த ஆசிரியைகள் அதைக் கேட்கவில்லை. தம்மிடம் படிக்கும் பெண்பிள்ளைகள் தலைநிமிர்ந்து எழுத வேண்டும் என்றே கேட்டார்கள். இலக்கணத்தின் பயன் அதுவே.

'அடியாத மாடு படியாது; எங்கள் காலத்தில் கண்டிப்பாகத் திருத்தியதால்தான் நாங்கள் கற்றோம்' என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். எனக்கு ஆங்கிலம் கற்பித்த அருட்சகோதரியும் கண்டிப்பானவர்தான். அவரது சிவப்பு மையைக் கண்டு நடுங்காதவர் எங்கள் வகுப்பில் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பு மை என் நோட்டுப் புத்தகத்திற்குள் இருந்தது. அதை மூடி என் கையில் கொடுப்பார். என் பிழையை நானும் அவரும்தான் அறிவோம். கரும்பலகையில் பிழையான வாக்கியத்தை எழுதும்போதும், யார் எழுதியது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. முப்பது பேர் நடுவே ஒருத்தியின் பெயரோடு பிழையைத் தூக்கிக் காட்டும் வாட்ஸ்அப் திருத்தம் எங்கே? அந்தச் சிவப்பு மை எங்கே? தவறு செய்தவரிடம் முதலில் தனித்திருக்கையில் சொல்ல வேண்டும் என்று நற்செய்தியும் வழி காட்டுகிறது. அதை அவர் போதித்ததை விட வாழ்ந்தே காட்டினார். நான்தான் மறந்துபோனேன்.

'இப்போது கைப்பேசியே பிழை திருத்துகிறது. கணினியே கடிதம் முழுவதையும் எழுதித் தருகிறது. இலக்கணம் கற்பானேன்?' என்று கேட்கும் தங்கையரும் உண்டு. கருவியைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. ஆனால் நீங்கள் 'டில்' என்று எழுதியது 'பை' என்ற எண்ணத்தோடா என்பது கருவிக்கு எப்படித் தெரியும்? எடைச் சீட்டில் இருப்பது எந்த எண் என்பதை நேரில் கண்டது நீங்கள், கருவி அன்று. அது எழுதித் தந்ததைப் படித்து, நான் சொல்ல வந்தது இதுதானா என்று சோதிக்கவேனும் இலக்கணம் வேண்டும்.

இனி, திருத்துவோர்க்குச் சில வார்த்தைகள். முதலில் செய்திக்குப் பதில் சொல்லுங்கள். பிழையைப் பிறகு பார்க்கலாம். பொருள் கெட்டிருந்தால், 'வெள்ளிக்கிழமைக்குள் என்றுதானே சொல்கிறீர்கள்?' என்று கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். அது பழிப்பாகத் தோன்றாது, வேலையும் கெடாது. மற்றப் பிழைகளைத் தனியே சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும். பிழை என்று மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்லுங்கள். உங்கள் பிழையைப் பிறர் காட்டும்போது நன்றி சொல்லுங்கள். திருத்தும் உரிமை, திருந்தும் மனம் உடையவர்க்கே உண்டு.

எழுதுவோர்க்கும் சில வார்த்தைகள். சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. யார், எதை, எப்போது என்ற மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அனுப்புமுன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். ஒருவர் சிரித்தார் என்பதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள். பிழையோடு வந்த செய்தி உதவும்; வராத செய்தி யாருக்கும் உதவாது. அவசரமானால் தமிழிலேயே எழுதுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பெண் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் பேசும்போது உறவினர் முன் அவளை நிறுத்தித் திருத்தாதீர்கள். அவள் சொல்ல வந்ததை முதலில் முழுமையாகக் கேளுங்கள்.

எங்கள் அலுவலகக் கதையை முடித்துவிடுகிறேன். குழுவில் அவசரச் செய்தியை எந்த மொழியிலும் எழுதலாம் என்று மேலாளர் அறிவித்தார். நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பகல் உணவுக்குப் பின் பத்து நிமிடம் இருவரும் உட்கார்ந்து அன்றைய செய்திகளைப் பார்ப்பது வழக்கமாயிற்று. 'போனவில்லை' என்று வராது என்ற விளக்கத்தைக் கண்டுபிடித்தது நானன்று, அவள்தான். தமிழ் இலக்கணம் நன்கு படித்தவள் அல்லவா!

ஒரு நாள் அவள் தயங்கித் தயங்கி என்னருகே வந்து, மெல்லிய குரலில், "அக்கா, நீங்க ஸ்டாஃப்ஸ்னு எழுதுறீங்க. ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க எல்லாரையும் சேத்து ஸ்டாஃப்னுதான் எழுதணுமாம். அகராதியில பாத்தேன்" என்றாள். பத்து ஆண்டுகளாக நான் எழுதிவந்த பிழை! குழுவில் எழுதி என்னைத் தலைகுனிய வைத்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. நான் அவளுக்குக் கற்பித்த இலக்கணத்தை விட, அவள் எனக்குக் கற்பித்த பண்பு பெரியது.

அன்புத் தங்கையரே! நீங்களும் ஒரு நாள் அலுவலகங்களில் அமர்வீர்கள். உங்களுக்குக் கீழே தயக்கத்தோடு எழுதும் ஒருத்தி நிச்சயம் இருப்பாள். அவள் எழுதியதில் பிழை இருக்கும். திருத்துங்கள், நம் பள்ளியின் சிவப்பு மையை நினைத்துக்கொண்டு, நோட்டை மூடி அவள் கையில் கொடுப்பதைப் போலத் திருத்துங்கள். மறுநாளும் அவள் எழுதுவாள்.

— பழைய மாணவி ஒருத்தி